கொழுப்புக் குளிசையும் கால் உளைவும்: அப்பா நிறுத்தியது சரியா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா: "அப்பாவுக்கு 61 வயது. வேளாண்மை செய்பவர். போன வருடம் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அதிலிருந்து அட்டோர்வாஸ்டாட்டின் 40 போடுகிறார். இரண்டு மாதமாகத் தொடையும் கெண்டைக்காலும் உளையுது என்றார். கொழுப்புக் குளிசை தசையைத் தின்னும் என்று யாரோ சொல்ல, மூன்று கிழமையாக அதை நிறுத்தியிருக்கிறார். எங்களுக்கு நேற்றுத்தான் தெரியும். அது உண்மையா? இனி என்ன செய்வது? அம்மாவுக்கும் போன மாதம் சீனி வருத்தத்துக்காகப் போன இடத்தில் இதே குளிசையைத் தொடங்கியிருக்கிறார்கள். அவவும் பயந்துபோய் இருக்கிறா."

நான் மட்டக்களப்பு மாவட்டத்து அரச வைத்தியசாலைகளில் நீண்ட காலம் மருந்தாளராக வேலை செய்தவன். இந்தக் கேள்வியை மருந்து கொடுக்கும் ஜன்னலில் நின்று எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்காமலே நிறுத்தியவர்கள் அதைவிட அதிகம்.

விளக்கத்துக்குப் போக முன்னம் ஒரு வேலை செய்யுங்கள் தங்கச்சி. இன்றைக்கே அப்பாவின் மருந்துப் பையை எடுத்து, அவர் எதை நிறுத்தினார் என்று ஒவ்வொரு உறையாகப் பாருங்கள். கிளினிக்கில் குளிசைகளைக் கடதாசி உறையில் போட்டு, காலை, இரவு என்று எழுதித்தான் கொடுப்போம். ஆட்கள் மருந்தின் பெயரை நினைவில் வைப்பதில்லை. "அந்த இரவுக் குளிசை" என்றுதான் சொல்வார்கள். நம் கிளினிக்குகளில் பலருக்கு அஸ்பிரினும் இரவில்தான். கொழுப்புக் குளிசையை விட்டேன் என்று சொல்பவரின் பையைப் பார்த்தால், அஸ்பிரின் உறையும் க்ளோபிடோக்ரெல் உறையும் சேர்ந்து தொடாமல் கிடக்கும். ஸ்டென்ட் வைத்தவர் இந்த இரண்டையும் தானாக விட்டால் ஸ்டென்டுக்குள் இரத்தம் கட்டிவிடலாம். அது உயிரோடு விளையாடும் விஷயம். அவை நின்றிருந்தால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்க வேண்டாம். இன்றே வைத்தியரிடம் கூட்டிப் போங்கள்.

அவை ஒழுங்காகப் போய், ஸ்டாட்டின், அதாவது அட்டோர்வாஸ்டாட்டின் வகைக் கொழுப்புக் குளிசை, மட்டும்தான் நின்றது என்றால், இனிச் சொல்வதை ஆறுதலாக வாசிக்கலாம்.

கொழுப்புக் குளிசை தசையைப் பாதிக்குமா? பாதிக்கும், ஆனால் மிகச் சிலரை. அப்பாவின் உளைவுக்கு அதுதான் காரணமா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இவ்வளவு பேர் மருந்தை விடுகிறார்கள்.

ஸ்டாட்டின் கல்லீரலில் கொலஸ்ட்ரோலை உண்டாக்கும் நொதியைத் தடுக்கிறது. உள்ளே உற்பத்தி குறைந்ததும் கல்லீரல் இரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லை, அதாவது கெட்ட கொழுப்பை, கூடுதலாக இழுத்துக்கொள்கிறது. நெல்லோடு வாழ்கிற நமக்கு இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. 1970களில் ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சணங்களைச் சோதித்து முதல் ஸ்டாட்டினைக் கண்டெடுத்தது, கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில் இருந்த பூஞ்சணத்திலிருந்துதான். விற்பனைக்கு அனுமதி கிடைத்த முதல் ஸ்டாட்டின் லோவாஸ்டாட்டின், அமெரிக்காவில், 1987இல்.

தசைப் பயம் ஆதாரமில்லாமல் வந்ததில்லை. செரிவாஸ்டாட்டின் என்று ஒரு குளிசை இருந்தது. தசை உடைந்து சிறுநீரகம் பழுதாகி உலகம் முழுவதும் ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்த பிறகு, 2001இல் அதைச் சந்தையிலிருந்து மீளப் பெற்றார்கள். கூடுதல் அளவில் எடுத்தவர்களும், ஜெம்ஃபைப்ரோசில் என்ற இன்னொரு கொழுப்பு மருந்தைச் சேர்த்து எடுத்தவர்களும் அதில் அதிகம். 2011இல் சிம்வாஸ்டாட்டின் 80 மில்லிகிராமைப் புதிதாக எவருக்கும் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சொன்னதும் தசைப் பாதிப்பினால்தான். இன்று நமக்குக் கிடைக்கும் அளவுகளில் அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டினால் தசை உண்மையாகவே சேதமாவது வருடத்துக்குப் பத்தாயிரம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு. தசை நொறுங்கிச் சிறுநீரகத்தை அடைப்பது இலட்சம் பேரில் இரண்டு மூன்று பேருக்கு.

சரி, அப்படியென்றால் இத்தனை பேர் உளைவு உளைவு என்கிறார்களே, அது பொய்யா? பொய்யில்லை. உளைவு உண்மை. காரணம்தான் பெரும்பாலும் வேறு. 2022இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, ஸ்டாட்டினையும் மருந்தில்லாத வெறும் குளிசையையும் ஒப்பிட்ட 19 பரிசோதனைகளின் தரவை, ஏறக்குறைய 1,24,000 பேருடையதை, ஒன்றுசேர்த்துப் பார்த்தது. ஸ்டாட்டின் எடுத்தவர்களில் 27.1 சதவீதத்தினர் தசை வலி அல்லது பலவீனம் என்று முறையிட்டார்கள். வெறும் குளிசை எடுத்தவர்களில்? 26.6 சதவீதம். முதல் வருடத்தில் ஸ்டாட்டின்காரர்களில் ஆயிரத்துக்குப் பதினொரு பேர் கூடுதலாக முறையிட்டார்கள். அதன் பிறகு குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அந்த முதல் வருடத்திலும் ஸ்டாட்டின் எடுப்பவர் சொல்லும் வலி பதினைந்து தடவையில் ஒரு தடவைதான் அந்த மருந்தால் வந்தது என்று கணக்கிட்டார்கள்.

எனக்கு அதைவிட மனதில் நிற்பது 2020இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரியினர் செய்த சாம்சன் என்ற சிறிய ஆய்வு. அறுபது பேர், எல்லோரும் ஸ்டாட்டின் ஒத்துவரவில்லை என்று இரண்டு கிழமைக்குள் நிறுத்தியவர்கள். அவர்களுக்கு ஒரு வருடத்துக்கு மாதம் ஒன்றாகப் போத்தல்கள் கொடுத்தார்கள். நான்கு மாதம் ஸ்டாட்டின், நான்கு மாதம் பார்வைக்கு அதே போன்ற வெறும் குளிசை, நான்கு மாதம் ஒன்றுமில்லை. எந்த மாதம் எது வரும் என்பது முறைமாறி முறைமாறி. தினமும் எவ்வளவு துன்பம் என்று நூற்றுக்குப் புள்ளி போட வேண்டும். குளிசையே இல்லாத மாதங்களில் சராசரி 8. ஸ்டாட்டின் மாதங்களில் 16.3. வெறும் குளிசை மாதங்களில் 15.4! குளிசையை விழுங்குகிறோம், ஏதோ செய்யப் போகிறது என்ற எதிர்பார்ப்பே உடம்பில் நோவைக் கொண்டுவந்தது. இதற்கு நோசிபோ என்று பெயர். தங்கள் புள்ளிகளைத் தாங்களே கண்ட பிறகு, அவர்களில் பாதிப் பேர் திரும்பவும் ஸ்டாட்டின் எடுக்கத் தொடங்கினார்கள்.

இதை அப்பாவிடம் "உங்களுக்கு வெறும் மனப்பிரமை" என்று சொல்லிவிடாதீர்கள். நோவு உள்ள மனிதனிடம் அப்படிச் சொன்னால் அதற்குப் பிறகு அவர் எதையும் சொல்ல மாட்டார். மருந்தை வாங்கி வந்து அலுமாரியில் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். அவரின் உளைவை முழுதாக நம்பி, அது எங்கிருந்து வருகிறது என்று அவரோடு சேர்ந்து தேடுங்கள்.

அவரை இருத்தி வைத்துச் சில விஷயங்களைக் கேளுங்கள். ஸ்டாட்டினால் வரும் தசை நோவு பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். தொடை, இடுப்பு, பிட்டம், தோள் போன்ற பெரிய தசைகளில் வரும், கெண்டைக்காலிலும் வரலாம். குளிசை தொடங்கி அல்லது அளவைக் கூட்டி நாலு ஆறு கிழமைக்குள் தலைகாட்டும். குந்தியிருந்து எழும்ப, படியேற, கையை உயர்த்தித் தலைசீவக் கஷ்டமாக இருக்கும். உங்கள் அப்பா ஒரு வருடம் நோவில்லாமல் போட்டிருக்கிறார். இடையில் அளவு கூடவில்லை, புது மருந்து எதுவும் சேரவில்லை என்றால், குளிசையில் எனக்குள்ள சந்தேகம் பாதியாகக் குறைகிறது.

நாரியிலிருந்து ஒரு காலில் மட்டும் விறைப்போடு இறங்கும் நோவு நரம்புடையது. இரவில் பாதம் எரிவது அநேகமாகச் சீனி வருத்தத்தால். முழங்கால் மூட்டுத் தேய்வை மூட்டை அழுத்திப் பார்த்தாலே தெரியும். ஆனால் ஒரு நோவை மட்டும் தவறவிடக் கூடாது. வரம்பில் கொஞ்சத் தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுகி நோகும்; நின்றால் சில நிமிடத்தில் விடும்; திரும்ப நடந்தால் அதே தூரத்தில் திரும்பவும் பிடிக்கும். அப்பாவுக்கு இப்படி என்றால் காலுக்குப் போகும் இரத்தக் குழாய் கொழுப்பால் ஒடுங்கியிருக்கலாம். மாரடைப்பு வந்தவர்கள், சுருட்டு பீடி பழக்கம் உள்ளவர்கள், சீனி வருத்தக்காரர்களிடம் இது அடிக்கடி காணப்படுவது. அந்த நோவுக்கு ஸ்டாட்டினே மருந்து. அதைக் குளிசையின் வேலை என்று நினைத்து நிறுத்தினால் நேர்மாறான காரியத்தைச் செய்தவர்களாவோம். வைத்தியர் பாதத்து நாடியைத் தொட்டுப் பார்த்தால் போதும், பாதி விஷயம் தெரிந்துவிடும். பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு ஆபத்து எலிக்காய்ச்சல். படுவான்கரையிலும் சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து வயல் வட்டைகளிலும் பெரும்போகத்தில் சேற்றுக்குள் நிற்பவர்களுக்கு வருவது. காய்ச்சலோடு கெண்டைக்கால் தொடமுடியாமல் நோகும், கண் சிவக்கும், சிறுநீர் குறைந்து நிறம் மாறும். ஸ்டாட்டினால் தசை நொறுங்கினாலும் கால் நோவும் கறுத்த சிறுநீரும்தான் அடையாளம். வீட்டிலிருந்து இரண்டையும் பிரித்தறிய முடியாது, பிரித்தறியத் தேவையும் இல்லை. காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தசை நோவோடு சிறுநீர் சாயத்தண்ணி (வெறும் தேநீர்) நிறத்தில் போனால் அன்றே பெரிய வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வாகனம் இல்லாவிட்டால் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அடியுங்கள். வட்டையில் வேலை செய்தவர் என்பதையும், கொழுப்புக் குளிசை போடுபவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். விதைப்புக் காலத்துக்கு முன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் எலிக்காய்ச்சலுக்கு முற்காப்பாகக் கொடுக்கும் டொக்ஸிசைக்கிளினைப் பயமில்லாமல் எடுக்கலாம். அது ஸ்டாட்டினோடு மோதுவதில்லை.

மோதும் மருந்துகள் உண்டு. ஒரு வருடம் ஒத்துப்போன குளிசை திடீரென்று நோவைக் கொண்டுவந்தால், மருந்தாளனாக நான் முதலில் கேட்பது, "இடையில் வேறு எங்கே மருந்து எடுத்தீர்கள்?" என்பதுதான். வயிற்றுப்புண் கிருமிக்குக் கொடுக்கும் மருந்துத் தொகுப்பில் கிளாரித்ரோமைசின் இருக்கும். அது அட்டோர்வாஸ்டாட்டின் உடைந்து வெளியேறுவதைத் தடுத்து, இரத்தத்தில் அதன் அளவைப் பல மடங்காக்கிவிடும். எரித்ரோமைசினும், பூஞ்சணத் தொற்றுக்கான இட்ராகொனசோலும் அந்த அளவைக் கூட்டும். பிரஷருக்கும் நெஞ்சு நோவுக்கும் கொடுக்கும் டில்டியாசெம், வெரபமில், இதயத் துடிப்புக்கான அமியோடரோன், கவுட்டுக்கான கொல்கிசின் ஆகியவற்றோடும் கவனம் தேவை. சிம்வாஸ்டாட்டின் போடுபவர் அம்லோடிபினும் எடுத்தால் சிம்வாஸ்டாட்டின் 20க்கு மேல் போகக் கூடாது. தனியார் கிளினிக்கில் காட்டப் போகும்போது வைத்தியசாலைக் கொப்பியை வீட்டில் வைத்துவிட்டுப் போகும் பழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது. அங்கே அரசாங்கத்தில் காட்டுவது தெரிந்தால் வைத்தியர் ஏசுவார் என்று ஒரு கூச்சம். தயவுசெய்து கொப்பியைக் கொண்டுபோங்கள். கிளாரித்ரோமைசின் கட்டாயம் என்றால் அந்த ஒரு கிழமை, இரு கிழமைக்கு ஸ்டாட்டினை இடைநிறுத்தச் சொல்வார்கள், அவ்வளவில் தீர்ந்துவிடும்.

கொழுப்பைக் குறைக்கும் இயற்கைக் குளிசை என்று வெளிநாட்டிலிருந்து வரும் சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரைகளையும் சேர்த்துச் சொல்கிறேன். அதில் வேலை செய்யும் பொருள் லோவாஸ்டாட்டினேதான். ஸ்டாட்டினோடு சேர்த்து அதையும் போடுவது இரண்டு ஸ்டாட்டின் போடுவதற்குச் சமம்.

இனி அப்பாவின் விஷயம். அவர் சொல்லாமல் நிறுத்தியது சரியில்லைதான். ஆனால் அந்த மூன்று கிழமை நமக்கு ஒரு தகவலைத் தருகிறது, அதை வீணாக்க வேண்டாம். ஸ்டாட்டினால் வந்த நோவு நிறுத்தி இரண்டு, நான்கு கிழமைக்குள் தெளிவாகக் குறையும். இப்போது எப்படியிருக்கிறது என்று கேளுங்கள். அதே உளைவு அப்படியே இருந்தால் குளிசை பெரும்பாலும் குற்றமற்றது. வேறு காரணத்தைத் தேடிக்கொண்டே மருந்தைத் திரும்பத் தொடங்கலாம். நன்றாகக் குறைந்திருந்தால் குளிசையில் சந்தேகம் வலுக்கிறது. ஆனாலும் சாம்சன் ஆய்வை நினைத்துப் பாருங்கள். நிறுத்தியதும் குறைவது வெறும் குளிசையிலும் நடந்தது. திரும்பத் தொடங்கி, திரும்பவும் அதே இடத்தில் அதே நோவு வந்தால்தான் உறுதியாகச் சொல்லலாம்.

எப்படியானாலும் அவர் இந்தக் கிழமையே கிளினிக் வைத்தியரைக் காண வேண்டும். மாரடைப்பு வந்து ஒரு வருடமே ஆனவர் ஸ்டாட்டின் இல்லாமல் மாதக் கணக்கில் இருப்பது நல்லதல்ல. எல்டிஎல்லை லீட்டருக்கு ஒரு மில்லிமோல், நம் ரிப்போட்டில் வரும் அளவில் டெசிலீட்டருக்கு 39 மில்லிகிராம், குறைத்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்று பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. டென்மார்க்கில் இலட்சக்கணக்கானவர்களின் பதிவுகளைப் பார்த்தபோது, ஸ்டாட்டினைத் தொடக்கத்திலேயே விட்டவர்களிடம் மாரடைப்பு கால்வாசி அதிகமாகக் காணப்பட்டது.

வைத்தியர் சிகே என்ற இரத்தப் பரிசோதனையை எடுப்பார். தசை சேதமானால் அது ஏறும். மேல் எல்லையைவிடப் பத்து மடங்குக்கு மேல் என்றால் உடனே நிறுத்த வேண்டும். நான்கு மடங்கைத் தாண்டினாலும் நிறுத்தி, திரும்பச் சோதிப்பார்கள். ஆனால் இரண்டு மூட்டை உரம் தூக்கிய மறுநாள் எடுத்தால் ஸ்டாட்டின் போடாதவனுக்கும் சிகே ஏறித்தான் இருக்கும். பரிசோதனைக்கு முன் நாலைந்து நாள் கடும் வேலை வேண்டாம். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போய் வந்தவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். உகந்தை தாண்டிக் காட்டுக்குள் வெயிலில் நாள்கணக்காக நடந்து வந்தவரின் இரத்தத்தை அடுத்த நாளே எடுத்து, சிகே கூடிவிட்டது, குளிசையை நிறுத்து என்று சொன்னால் அது நியாயமில்லை. ஒரு கிழமை ஆறவிட்டு எடுக்கலாம். யாத்திரையில் தண்ணீரைக் குறைக்காமல் குடிப்பது ஸ்டாட்டின் போடுபவர்களுக்குக் கட்டாயம்.

சிகேயோடு தைரொயிட்டுக்கான டிஎஸ்எச்சும் சிறுநீரகப் பரிசோதனையும் கேளுங்கள். தைரொயிட் குறைவு தானாகவே தசையை உளைய வைக்கும், கொலஸ்ட்ரோலையும் கூட்டும், ஸ்டாட்டினின் தசைப் பாதிப்புக்கும் வழி திறந்துவிடும். அதைக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் மூன்றும் சேர்ந்து சரியாகும்.

குளிசைதான் காரணம் என்று முடிவானாலும் வழிகள் நிறைய உண்டு. ஸ்டாட்டினின் அளவைப் பாதியாக்கினால் எல்டிஎல் குறைப்பில் நாம் இழப்பது ஏறக்குறைய ஆறு சதவீதம்தான். அட்டோர்வாஸ்டாட்டினின் நன்மையில் பெரும்பங்கு முதல் 10 மில்லிகிராமிலேயே கிடைத்துவிடுகிறது. அளவைக் குறைத்து எசெட்டிமைப் 10 என்ற குளிசையைச் சேர்த்தால் அது தனியாகவே இருபது சதவீதத்துக்குக் கிட்டக் குறைக்கும். இழந்ததைவிடக் கூடுதலாகக் கிடைக்கிறது, தசைக்கும் சுமை குறைகிறது. என் அனுபவத்தில் நம் ஆட்களுக்கு மிக நன்றாக ஒத்துப்போகும் ஏற்பாடு இதுதான். இல்லாவிட்டால் ரோசுவாஸ்டாட்டின் 5 மில்லிகிராமில் தொடங்கலாம். ஆசியர்களின் இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு கூடுதலாக ஏறுவதால் நமக்கு 5இல்தான் தொடங்க வேண்டும். அது உடம்பில் நீண்ட நேரம் நிற்பதால் ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தும் பார்க்கிறார்கள். ஸ்டாட்டினே ஒத்துவராதவர்களுக்குப் பெம்பெடோயிக் அமிலம் என்று ஒன்று வந்திருக்கிறது. கல்லீரலில் மட்டும் விழித்துக்கொள்ளும் மருந்து அது, தசைக்குள் வேலை செய்வதில்லை. அதனால் இதய நோய்கள் குறைவதை 2023இல் வந்த ஆய்வு காட்டியது. எல்டிஎல்லைக் குறைக்கும் பிசிஎஸ்கே9 ஊசிகளும் உண்டு. அவற்றின் விலை நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாதது.

கோகியூடென் மாத்திரையைப் பாமசியில் தசை நோவுக்கென்று வாங்குகிறார்கள். அதனால் குறைந்தது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அந்தக் காசுக்கு டிஎஸ்எச் எடுக்கலாம்.

மிக அரிதான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நிறுத்தி இரண்டு மாதமாகியும் நோவைவிடப் பலவீனம் கூடிக்கொண்டே போனால், கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்ப முடியாமல் போனால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தசையைத் தாக்கும் நோயாக இருக்கலாம். அதற்குத் தனிப் பரிசோதனையும் தனிச் சிகிச்சையும் உண்டு. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ அம்பாறைப் பொது வைத்தியசாலைக்கோ அனுப்பும்படி கேளுங்கள்.

அம்மாவுக்கு நோவு ஒன்றும் இல்லை, பயம் மட்டும்தான் என்றால் குளிசையைத் தொடர்ந்து போடட்டும். நாற்பது தாண்டிய சீனி வருத்தக்காரருக்கு முதல் மாரடைப்பே வராமல் தடுக்கக் கொடுப்பது அது. டிஎஸ்எச் ஒருதரமும் பார்க்கவில்லை என்றால் அடுத்த கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள். இடையில் இரண்டு தொடையும் ஒன்றாக உளைந்தால், எந்தத் திகதியில் தொடங்கியது, அதற்கு முந்திய கிழமை என்ன வேலை செய்தா, வேறு என்ன மருந்து எடுத்தா என்று கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அப்பாவுக்கும் அதேபோல எழுதி, இந்தக் கிழமை போகும்போது வைத்தியரிடம் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். குளிசையை மூன்று கிழமை விட்டதையும் மறைக்காமல் எழுதுங்கள்.